யுத்தப் பணமும் புலமைப்பரிசிலும்

அரசாங்கங்கள் வழங்கும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பற்றிய அறிவித்தல் ஒன்று பத்திரிகையில் வந்துவிட்டால், எமது வாசிகசாலைகளிலே இருவிதமான பேச்சு எழுவதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். பெரிய நாடுகள் செய்யும் தருமம் அது என்பர் ஒரு சாரார். ஏழை நாட்டுப் பிள்ளைகளைத் தம் பக்கம் இழுப்பதற்கு வல்லரசுகள் தூண்டிலிற் குத்தும் இரை அது என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பெரும்பாலும் விண்ணப்பப் பத்திரம் நிரப்பக் காத்திருக்கும் இளைஞர். பின்னவர் பெரும்பாலும், பிள்ளை போனால் திரும்பி வருவானோ என்று அஞ்சும் பெற்றோர். இரு சாராரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. அந்தப் பணம் முதன்முதலில் யாருடைய மடியிலிருந்து வந்தது என்பதே அது. அதற்கு விடை தேடிச் சரித்திரத்தைப் புரட்டினால், இரு சாராரும் எதிர்பாராத செய்திகள் பல கிடைக்கின்றன.

கடல் கடந்து கற்க அரசினர் பணம் கொடுப்பது எமக்குப் புதிதன்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1870ஆம் ஆண்டிலே புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற் கல்லூரிக்குச் சென்றதை மூத்தோர் அறிவர். ஆனால் அது ஒருவழிப் பாதை. குடியேற்ற நாட்டுப் பிள்ளை ஆளும் நாட்டுக்குப் போகும். ஆளும் நாட்டுப் பிள்ளை இங்கே கற்க வருவதில்லை. வருவதானால் ஆளவே வரும். இரு நாடுகள் தம்முள் மாணவரையும் ஆசிரியரையும் பரிமாறிக்கொள்வது என்ற ஏற்பாடு வேறு. அதன் கதை சீனாவிலே, ஒரு கலகத்தின் பின்விளைவாகத் தொடங்குகின்றது.

1900ஆம் ஆண்டிலே சீனாவில் அந்நியரை எதிர்த்துப் பொக்ஸர் கலகம் மூண்டது. எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங் நகரிலே புகுந்தன. மறு ஆண்டு, தோற்ற சீனாவின் தலைமேல் 45 கோடி தெயில் வெள்ளி நட்டஈடாகச் சுமத்தப்பட்டது. சீனரின் தொகை அக்காலத்தில் ஏறத்தாழ 45 கோடி என்று கணிக்கப்பட்டதாதலின், தலைக்கு ஒரு தெயில் என்று ஆயிற்று. நூற்றுக்கு நான்கு வட்டியுடன் 39 ஆண்டுகளில் அதனைக் கட்டி முடிக்கவேண்டும். சுங்க வருமானமும் உப்பு வரியும் இதற்கு ஈடாக வைக்கப்பட்டன. உப்பு வரி என்றால் அதனை இறுப்பவன் யார் என்பதை எம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இத்தொகையில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி டொலர். அமெரிக்கருக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டமோ அதிற் பாதியளவுகூட இல்லை. இதனை அறிந்துகொண்ட சீனத் தூதர் லியாங் செங் என்பார், வாஷிங்டனில் இருந்தவாறே, மிகையான தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று விடாது வாதாடினார். பின்னாளில் இது அமெரிக்காவின் பெருந்தன்மை என்றே பாடப்புத்தகங்கள் எழுதின. பெருந்தன்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கேட்டுக் கேட்டுக் கதவைத் தட்டியவர் ஒருவர் இருந்தார் என்பதையும் உடன் எழுதியிருக்கலாம்.

1908ஆம் ஆண்டிலே, தியடோர் றூஸ்வெல்ற் சனாதிபதியாக இருந்தபோது, ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டொலரை விட்டுக்கொடுப்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் சபை இணங்கியது. அப்பணத்தை மஞ்சூரியாவின் அபிவிருத்திக்குச் செலவிடவேண்டுமென்று சீன அதிகாரிகள் சிலர் விரும்பினர். அமெரிக்கர் இணங்கவில்லை, மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கே அது பயன்படவேண்டும் என்றனர். பணம் சீனக் குடியானவனுடையது. எதற்குச் செலவிடுவது என்று தீர்மானித்தது வாஷிங்டன். இலினோய் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் 1906இலேயே றூஸ்வெல்ற்றுக்கு எழுதிய குறிப்பில், ஒரு தலைமுறைச் சீன இளைஞருக்குக் கல்வி கொடுக்கும் நாடு பிற்காலத்தில் சீனாவிலே பெருஞ் செல்வாக்கை அறுவடை செய்யும் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்திருந்தார். தூண்டில் என்பாரின் கட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயின் தூண்டில் போட்டவர் நினைத்த மீன்தான் அகப்பட்டதா என்பதைப் பார்க்கவேண்டும். 1909இல் 47 பேர் தெரிவுசெய்யப்பட்டனர். 1910இல் 70 பேர். புறப்படுமுன் அவர்களைப் பயிற்றுவதற்குப் பீக்கிங் நகருக்கு அருகே 1911இல் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே இன்று உலகம் அறிந்த சிங்ஹுவா பல்கலைக்கழகம். போகின்றவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் எந்திரவியல், கமத்தொழில், சுரங்கத் தொழில் போன்ற பயன்படு கலைகளையே கற்கவேண்டும் என்பது விதி.

இரண்டாம் தொகுதியிலே சென்றவர் ஹூ ஷி. கோர்னெல் பல்கலைக்கழகத்திலே கமத்தொழிற் கல்விக்குச் சேர்ந்தார். அங்கே பழச் செய்கை வகுப்பில், பலவகை அப்பிள் பழங்களை மேசைமேல் வைத்து இன்னது இன்ன இனம் என்று பிரித்தறியச் சொன்னார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் சிறுவயது முதல் உண்ட பழம். பார்த்த மாத்திரத்தே பெயர் சொல்லிவிட்டார்கள். இவரோ தோலையும் காம்பையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தடுமாறினார். சீனாவிலே விளையாத இவ்வினங்களின் பெயரை மனனஞ் செய்து யாது பயன் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. கமத்தொழிலைக் கைவிட்டுத் தத்துவம் கற்கலானார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே ஜோன் டூயி என்னும் பேராசிரியரிடம் பயின்றார். 1917ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அமெரிக்காவில் இருந்தபடியே, பண்டித நடையை விடுத்து மக்கள் பேசும் மொழியில் இலக்கியம் செய்யவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். ஷங்காயில் தோன்றிய "புதிய இளைஞர்" என்ற சஞ்சிகை அதனை வெளியிட்டது. சீன எழுத்துலகம் அதன்பின் முன்போல் இருக்கவில்லை. மரபு நடையா வழக்கு நடையா என்று எமது சஞ்சிகைகளிலும் பின்னாளில் நிகழ்ந்த வாதங்களை எண்ணும்போது, ஒரு கமத்தொழில் மாணவனை அப்பிள் பழங்கள் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டனவே என்று வியக்கத் தோன்றுகின்றது. விதி எழுதியவர் கேட்டது கமத்தொழில் நிபுணரை. கிடைத்தவர் மொழிச் சீர்திருத்தக்காரர்.

வேறொருவர் கதை இதனினும் கசப்பானது. சியென் ஷூசென் என்பவர் அதே நட்டஈட்டுப் பணத்தில் 1935இல் அமெரிக்கா சென்று, கலிபோர்ணியாத் தொழில்நுட்ப நிலையத்திலே பேராசிரியர் வொன் கார்மானிடம் பயின்று, ஏவுகணை விஞ்ஞானத்தில் முதல் வரிசையில் நின்றார். இரண்டாம் உலக யுத்த காலத்திலே அமெரிக்காவுக்காக உழைத்தார். 1950இல் அவரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்தனர். இரகசிய ஆராய்ச்சிக்கான அனுமதி பறிக்கப்பட்டது. சிறிது காலம் தடுத்து வைக்கப்பட்டார். ஐந்தாண்டுகள் வரை நாட்டைவிட்டு வெளியேறவும் விடவில்லை. 1955இல் சீனா திரும்பிய அவரே அந்நாட்டு ஏவுகணைத் திட்டத்துக்கு அடிகோலினார். கற்பித்தவரும் அமெரிக்கர், துரத்தியவரும் அமெரிக்கர்.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒத்த ஒரு காரியம் நடந்தது. முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிடித்திருந்த பெல்ஜியத்து மக்களுக்கு உணவு ஊட்டிய நிவாரணக் குழுவிடம், யுத்தம் முடிந்தபோது பணம் எஞ்சியிருந்தது. அக்குழுவின் தலைவரான ஹேர்பேட் ஹூவர், எஞ்சியதை இரு நாட்டுக் கல்விப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கினார். 1920இல் அந்நிலையம் தோன்றியது. பிரபஞ்சம் விரிகின்றது என்று 1927இல் எழுதிய பாதிரியார் லெமேத்ர், அந்நிலையத்தின் உதவியால் அமெரிக்காவிற் பயின்றவர்களுள் ஒருவர்.

இனிப் புல்பிறைற் என்ற பெயருக்கு வருவோம். எமது இளைஞர்கள் நன்கு அறிந்த பெயர். ஆளை அறிந்தவர் சிலரே. வில்லியம் புல்பிறைற் 1905இல் பிறந்து, ஆர்க்கன்சோ என்னும் தென்மாநிலத்திலே வளர்ந்தவர். 1925இல் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். தென்னாபிரிக்க வைரச் சுரங்கங்களிலே சேர்ந்த செல்வம் அது. அப்பணத்தின் மூலத்தையும் விசாரித்தால் இன்னொரு கட்டுரை வேண்டும். தமது மாநிலத்தைத் தாண்டி அதிகம் அறியாதிருந்த ஓர் இளைஞனின் மனத்தை ஒக்ஸ்போர்ட் அகலமாக்கிவிட்டது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்வதுண்டு. 1945 தொடக்கம் செனற் சபையில் இருந்தார்.

யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கத்துக்கு விசித்திரமான ஒரு தொல்லை இருந்தது. உலகெங்கும் அதன் படைகள் விட்டுச் சென்ற லொறிகள், புல்டோசர்கள், கூடாரங்கள், மருந்துகள், தகரத்தில் அடைத்த உணவுகள் எல்லாம் குவிந்து கிடந்தன. திருப்பிக் கொண்டுபோகக் கப்பற் கூலி கட்டாது. அந்தந்த நாடுகளுக்கு விற்கலாம். ஆனால் யுத்தத்தால் நொந்துபோன நாடுகளிடம் டொலர் ஏது? தத்தம் நாணயத்திலேதான் கொடுக்கக்கூடும். அந்த நாணயத்தையோ அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று செலவழிக்க முடியாது. அதாவது, வசூலிக்க இயலாத கடன்.

இந்தக் கடனிலேதான் புல்பிறைற் கண்வைத்தார். 1945 செப்ரெம்பரில் ஒரு மசோதாக் கொண்டுவந்தார். எஞ்சிய யுத்தப் பொருள்களை விற்பதற்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு ஒரு திருத்தம், அவ்வளவே. அந்நாடுகளின் நாணயத்தை அந்நாடுகளிலேயே கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்றது அது. ஒரு நாட்டுக்கு மொத்தம் 2 கோடி டொலர் பெறுமதி வரை. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்படலாகாது. வரி செலுத்துவோரிடம் புதிதாக ஒரு சதமும் கேளாத மசோதாவாதலின், 1946 ஏப்ரிலில் செனற் சபையிலே விவாதமின்றி நிறைவேறியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி சனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்டார். ரெனெசி மாநிலத்துச் செனற்றர் மக்கெல்லர் என்ற முதியவர், அதன் பொருள் விளங்கியிருந்தால் அன்றே அதனைத் தொலைத்திருப்பேன், எம் பிள்ளைகளை அந்நியக் கொள்கைகளின் நடுவே அனுப்புவது ஆபத்து என்று தம்மிடம் கூறியதாகப் புல்பிறைற் சொல்லிச் சிரிப்பதுண்டாம். பிள்ளை கெட்டுவிடும் என்ற பயம் எமது ஊர்ப் பெரியோருக்கு மட்டும் உரியதன்று.

முதல் ஒப்பந்தம் 1947 நவம்பரிலே சீனாவுடன். அடுத்து, திசெம்பரிலே பர்மாவுடன். நட்டஈட்டுப் பணத்திற் பரிமாற்றம் தொடங்கிய அதே சீனா, யுத்த மிச்சத்திலும் முதலாவதாக நின்றதைக் கவனிக்கவேண்டும். 1949இல் அங்கே ஆட்சி மாறியதும் அது நின்றுபோயிற்று. இந்தியா 1950இலும் ஜப்பான் 1951இலும் ஒப்பமிட்டன. இலங்கை ஒப்பமிட்டது 1952இல். எமது பல்கலைக்கழகம் கொழும்பைவிட்டுப் பேராதனைக்குக் குடிபெயர்ந்த அதே ஆண்டு அது.

இதில் ஒரு கோணல் இருந்தது. அதனை இன்று பலர் மறந்துவிட்டனர். பர்மாவின் பணத்தைக் கொண்டு ரங்கூனிலே சோறு வாங்கலாம். சிக்காகோவில் வாங்க முடியாது. ஆகவே அங்கே செல்லும் அமெரிக்கருக்கு அப்பணத்தில் முழுச் செலவும் கொடுக்கலாம். அங்கிருந்து அமெரிக்கா செல்பவருக்குக் கப்பற் கட்டணத்தைத்தான் கொடுக்கலாம். அவருடைய சாப்பாட்டுக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் டொலர் வேண்டும். அதனை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் தனியார் நிலையங்களும் கொடுத்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பின் அமெரிக்கத் திறைசேரியும் ஒரு பங்கு கொடுத்தது. போனவர் திரும்புவாரா என்று ஏங்கும் பெற்றோர்க்கும் ஒரு செய்தி: பரிமாற்றத்தில் வந்தவர்கள் குடியேறிகளாக மீளுமுன் இரண்டாண்டு தம் நாட்டில் இருத்தல் வேண்டும் என்ற விதி 1956இலேயே சட்டமாயிற்று. 1961இல் நிறைவேறிய புதிய சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. யுத்த மிச்சம் தீர்ந்த பின்பு காங்கிரஸ் ஒதுக்கும் பணத்திலும், பங்கு கொடுக்க முன்வந்த பிற அரசாங்கங்களின் பணத்திலும் காரியம் நடக்கலாயிற்று.

பணத்தின் கதை இவ்வளவு. தெரிவு செய்வது யார் என்பதே நாம் இங்கு முக்கியமாகக் கருதுவது. பணம் கொடுப்பவன் கையிலேயே தெரிவும் இருந்தால், பரிசில் சம்பளமாகிவிடும், மாணவன் தூதனாகிவிடுவான். புல்பிறைற் இதனை உணர்ந்திருந்தார். சனாதிபதி நியமிக்கும் பத்துப் பேர் கொண்ட சபையொன்று தெரிவின் இறுதிப் பொறுப்பை ஏற்றது. அதிற் பெரும்பாலோர் கல்வித்துறையினர். இராசாங்கத் திணைக்களம் கணக்கைப் பார்க்கலாம். ஆளைப் பொறுக்கக்கூடாது என்பதே கருத்து. பல நாடுகளில், இரு நாட்டவரும் சமமாக அமரும் ஆணைக்குழுக்கள் அமைந்தன. கொழும்பிலும் அத்தகைய ஆணைக்குழு உண்டு. எந்தத் துறைக்கு ஆள் வேண்டும் என்பதில் இலங்கையரின் குரலும் ஒலிப்பதற்கு இடம் அதுவே. சீன நட்டஈட்டுக் காலத்தில் இல்லாதிருந்தது இதுதான்.

இந்த வேலி எத்துணை உறுதியானது என்பது விரைவிலே சோதிக்கப்பட்டது. எங்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடித் திரிந்த செனற்றர் மக்கார்தி, 1953இல் ஒதுக்கீட்டுக் குழுவின் முன் புல்பிறைற்றை நிறுத்தி, பரிசில் பெற்றவர்களுள் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டிக் குறுக்கு விசாரணை செய்தார். புல்பிறைற் தளரவில்லை. 1954 பெப்ருவரியில் மக்கார்தியின் விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்கும் வாக்கெடுப்பு வந்தபோது ஆதரவு 85, எதிர்ப்பு 1. அந்த ஒன்று புல்பிறைற்றினுடையது. இவ்வளவு துணிவு உள்ள மனிதர், 1956இல் கறுப்பின மாணவரை வெள்ளையரோடு ஒரே பாடசாலையிற் படிக்கவிடுவதை எதிர்த்த தென்மாநிலத்தார் பிரகடனத்திலே கையொப்பமிட்டார். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். கடல் கடந்த மாணவருக்குத் திறந்த கதவு, சொந்த ஊர்ப் பிள்ளைக்கு அடைபட்டிருந்தது. அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை விட்டுவிடுவது நேர்மையன்று.

இப்பணத்தால் தமிழுக்கு விளைந்த நன்மை ஒன்றையேனும் சொல்லாமல் விடலாகாது. மைசூரிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த ஏ. கே. இராமானுசன், 1959இல் புல்பிறைற் உதவியோடு இண்டியானாப் பல்கலைக்கழகம் சென்றார். கற்கப் போனது மொழியியல். 1962இல் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலக்கீழ் அறையிலே பழந் தமிழிலக்கண நூலொன்றைத் தேடியபோது குறுந்தொகை அவர் கையிற் பட்டது. அதுவரை அவர் அறியாதிருந்த தம் முன்னோர் செல்வம் அது. 1967இல் அப்பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட பின்னர், தமிழ் என்ற பெயரையே கேட்டிராத நாடுகளில் சங்கக் கவிதை படிக்கப்படலாயிற்று. குறுந்தொகைக்காக என்று எந்த அரசாங்கமும் பணம் ஒதுக்கவில்லை. ஹூ ஷியின் மொழிச் சீர்திருத்தத்துக்கு ஒதுக்காதது போலவே. அதனால்தான், செல்வாக்கைத் தேடிக் கொடுக்கும் பணம் என்பதை அறிந்திருந்தும், இளைஞர் அதனை நாடக்கூடாது என்று நாம் கூறமாட்டோம்.

எமது தலைநகரின் பெயரால் 1951இல் தொடங்கிய கொழும்புத் திட்டமும், 1959இல் ஒக்ஸ்போர்ட் மகாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் பலரை அனுப்பின. முன்னது பெரும்பாலும் தொழிற் பயிற்சி உதவி. அவற்றின் வரலாறு தனியே எழுதத்தக்கது.

புல்பிறைற் 1995இல் மறைந்தார். 160க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதுவரை இத்திட்டத்தாற் பயன் பெற்றிருக்கின்றனர். சீனாவுடன் 1949இல் அறுந்த தொடர்பு 1979இலே மீண்டும் கூடியது. 2020 யூலையில், ஹொங்கொங் விவகாரத்தை முன்னிட்டு அமெரிக்க சனாதிபதி பிறப்பித்த ஆணையொன்று சீனாவுடனும் ஹொங்கொங்குடனும் பரிமாற்றத்தை நிறுத்தும்படி பணித்தது. பத்துப் பேரோடு தொடங்கிய தெரிவுச் சபை பின்னர் பன்னிருவரைக் கொண்டதாயிற்று. 2025 யூன் மாதத்திலே, தாம் தெரிந்தெடுத்தவர்கள் பலருக்கு அரசாங்கம் பரிசிலை மறுத்துவிட்டது என்றும், சட்டம் தமக்களித்த அதிகாரத்தில் அது தலையிடுகின்றது என்றும் கூறி, அப்பன்னிருவருள் பதினொருவர் ஒரே நாளில் பதவி துறந்தனர்.